ஹோமருக்குப் பின் எதைப் படிப்பது?

கேள்வி: ஹோமரின் கிரேக்கக் காவியங்களான இலியட், ஒடிஸி இரண்டையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து முடித்துவிட்டேன். அடுத்து ரோமக் கவிஞர் வெர்ஜிலின் ஈனியட் காவியத்தைத் தொடங்கலாமா, அல்லது காலவரிசைப்படி கிரேக்க நூல்களை முடித்துவிட்டு ரோமுக்கு வருவதுதான் முறையா?

பதில்: காலவரிசையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். அப்படிப் போனால் அடுத்ததாகக் கிரேக்கக் கவிஞர் ஹெசியடின் கடவுளர் வம்சாவளியில் நுழைவீர்கள். அருமையான நூல்தான், ஆனால் போர்க்களத்தையும் கடலையும் கடந்து இப்போதுதான் வந்திருக்கும் உங்கள் ஆவலுக்கு அது ஈடுகொடுக்காது.

வெர்ஜிலுக்கு முன் கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் ஒரெஸ்தியா என்ற நாடகத் தொகுப்பைப் படியுங்கள். கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறிய அந்த மூன்று நாடகங்களும் சேர்ந்தே ஏறத்தாழ 3,800 வரிகள்தாம். 15,000 வரிகளுக்கு மேற்பட்ட இலியடைக் கடந்தவருக்கு அது பெரிதன்று. ஒடிஸியின் தொடக்கத்திலேயே தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கிய ஒரெஸ்டிஸை ஒடிஸியஸின் மகன் டெலிமாக்கஸுக்கு அதீனா தேவி எடுத்துக்காட்டுவதும், பதினோராம் பகுதியில் ஒரெஸ்டிஸின் தந்தையும் கிரேக்கப் படைத்தலைவனுமான அகமெம்னனின் ஆவி தான் விருந்தில் வெட்டுண்டு மாண்டதைச் சொல்லி அழுவதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கதையையே எடுத்துக்கொள்ளும் ஈஸ்கிலஸ், கொலையை விருந்துக்கூடத்திலிருந்து குளியலறைக்கு மாற்றி, ஆயுதத்தை மனைவி கிளைட்டெம்னெஸ்ட்ராவின் கையில் கொடுக்கிறார். டிராய்ப் போருக்குக் கப்பல்கள் புறப்பட வேண்டுமென்று அகமெம்னன் தன் மகள் இஃபிஜெனியாவைப் பலிகொடுத்ததை ஹோமர் எங்கும் சொல்லவில்லை. இங்கோ அதுவே எல்லாவற்றுக்கும் வேராகிறது. ஒடிஸியில் கணவனுக்குத் துரோகம் செய்தவளாக மட்டுமே அறிந்தவளை, பெற்ற வயிறு எரியும் தாயாகவும் காணும்போது, நீங்கள் படித்து முடித்ததாக நினைத்த காவியத்தை மறுபடி புரட்டத் தோன்றும். ஈனியடை விட்டு இதை நான் முதலில் சொல்வதற்கு அதுவே காரணம்.

முதல் நாடகத்தின் பாடற்குழுப் பாடல்கள் கடினமானவை. விளங்காவிட்டாலும் நிறுத்தாமல் செல்லுங்கள். அகமெம்னன் டிராயிலிருந்து சிறைபிடித்து வந்தவளும், வருவதை முன்கூட்டிக் காண்பவளுமான கசாண்ட்ரா, நெடுநேரம் பேசாமல் நின்றபின், அந்த வீட்டின் பழைய கொலைகளைக் கண்முன் கண்டு கதறும் காட்சியில் அவற்றுள் பல துலங்கிவிடும்.

அதன்பின் ஈனியடுக்குச் செல்லலாம். முதல் ஆறு பகுதிகள் ஒடிஸியைப் போல் அலைச்சலாகவும் அடுத்த ஆறு பகுதிகள் இலியடைப் போல் போராகவும் அமைந்திருப்பதால், ஹோமரின் நினைவு மங்குவதற்குள் படிப்பதே நல்லது. இலியடில் நீங்கள் தேடியும் கிடைக்காத மரக்குதிரையும் டிராயின் வீழ்ச்சியும் இதன் இரண்டாம் பகுதியில், தோற்ற தரப்பைச் சேர்ந்த ஈனியாஸின் வாய்மொழியாகவே வருகின்றன. சில மொழிபெயர்ப்புகளில் ஆங்காங்கே வரிகள் பாதியில் நிற்பதைக் கண்டால் அச்சுப்பிழை என்று எண்ணிவிடாதீர்கள், கி.மு. 19இல் வெர்ஜில் இறந்தபோது அவை அப்படியேதான் இருந்தன.