பலூன் பூச் செடிக்கு வேர் ஏன் பருக்கவில்லை?

இரண்டு வருடமாகச் செடி நன்றாகப் பூக்கிறது, சமைக்கலாம் என்று தோண்டிப் பார்த்தால் வேர் மட்டும் கொத்தாகக் கிளை பிரிந்து சுண்டுவிரல் கனம்கூட இல்லை என்கிறீர்கள். சின்னத் தொட்டியோடு நர்சரியில் வாங்கி நட்ட செடியாகத்தான் இருக்கும். அப்படியானால் உரத்தையும் தண்ணீரையும் குறை சொல்லிப் பயனில்லை. பூவுக்கு வளர்க்கிற மாதிரி வளர்த்துவிட்டு வேரை எதிர்பார்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

கொரியர்கள் 'தொராஜி' என்று சமைப்பது இதே செடியின் வேரைத்தான். இந்தச் செடி சேர்ந்த பிளாட்டிகோடன் பேரினத்தில் இருப்பதே இந்த ஓர் இனம்தான், அதனால் 'அது வேறு செடி' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ரகம் வேறுபடும். ஆஸ்ட்ரா, சென்டிமென்டல் ப்ளூ போன்றவை தொட்டியில் குட்டையாக நின்று பூக்கவென்றே உருவாக்கியவை. வேருக்கு, இடுப்பு உயரத்துக்குப் பக்கமாக வளரும் சாதாரண நெட்டை வகையின் விதை வேண்டும். அலங்காரச் செடியாக விற்பதற்கு என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்றும் தெரியாது. வாங்கிய கையோடு அதன் வேரைச் சமைக்காதீர்கள்.

வேர் பிளவுபடுவதற்கு முக்கியக் காரணம் நாற்றுப் பிடுங்கி நடுவது. இது ஆணிவேர்ச் செடி. நுனி ஒடிந்தாலோ தொட்டியின் அடியை முட்டி வளைந்தாலோ பக்க வேர்கள் கிளம்பிவிடும், பிறகு நேராகாது. ஆகவே நிலத்திலேயே நேரடியாக விதையுங்கள். பாத்தியை ஒன்றரை அடி ஆழம் கொத்திக் கல், கட்டி எல்லாம் பொறுக்கி, முக்கால் அடி உயரத்துக்கு மேடாக்குங்கள். நன்றாக மக்கிய எரு மட்டும் போடுங்கள். பச்சைச் சாணம் போட்டாலும் வேர் பிளக்கும், தழைச்சத்து கூடினால் இலைதான் கொழுக்கும்.

விதை மிகப் பொடி, முளைக்க வெளிச்சமும் வேண்டும். ஒரு பங்கு விதைக்கு ஐந்து பங்கு காய்ந்த மணல் கலந்து, ஒரு சாண் இடைவெளியில் கோடு கிழித்துத் தூவி, பலகையால் லேசாக அழுத்தினால் போதும். மண்ணைப் போட்டு மூடிவிட்டு 'விதை போலி' என்பவர்கள்தான் அதிகம். பூவாளியில் மெல்லிய தூறலாகத் தண்ணீர் விட்டு, ஈரம் காயாமல் இருக்க வைக்கோலை மிக மெல்லிதாகப் பரப்பி, முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். 20 டிகிரி வாக்கில் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். ஈர மணலோடு மூன்று வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் ஒரே சீராக முளைக்கும். அது கட்டாயமில்லை. விதை புதிதாக இருப்பதுதான் கட்டாயம், ஏனென்றால் இதன் முளைப்புத்திறன் சீக்கிரமே குறைந்துவிடும். பூவின் படத்தைப் பக்கம் முழுக்க அச்சடிக்கிற விதைப் பாக்கெட்டில் அறுவடை வருடத்தைப் போட மட்டும் இடம் கிடைக்காது, அது ஏனோ!

முதல் வருடம் செடி பரம சோம்பேறி. களை அதை அமுக்கிவிடும், பெரும்பாலான பாத்திகள் வீணாவது இதனால்தான். நாற்று இரண்டு அங்குலம் வந்ததும் நான்கு விரற்கடைக்கு ஒன்று விட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும். வேரூன்றிய செடி சற்று வறட்சி தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. அடி அழுகி மொத்தமாகப் போகும்.

இனி, கேட்டால் கோபம் வரும் விஷயம்: மொட்டைக் கிள்ளிவிடுங்கள். பூவும் காயும் பிடித்தால் சத்து அங்கே போய்விடும், வேர் பருக்காது. தண்டை அடியோடு வெட்டாதீர்கள், வேரை நிரப்புவது இலைதான். விதைக்கு இரண்டு செடியை மட்டும் விடுங்கள். காய் பழுப்பாகி உச்சியில் வெடிக்கும்போது பறிக்கலாம். 'நான் பூவையும் விட்டேன், வேரும் வந்தது' என்று சொல்ல வருபவர்களுக்கு: வரும், வராது என்று நான் சொல்லவில்லை. கனம்தான் குறையும்.

குளிர் தொடங்கியதும் தண்டு காய்ந்துவிடும். வசந்தத்தில் மற்றச் செடிகள் தழைத்த பிறகும் இது தலைகாட்டாது, செத்துவிட்டதென்று அதே இடத்தைக் கொத்திவிடுவார்கள். குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். குளிர்காலமே இல்லாத இடத்தில் செடிக்கு அந்த உறக்கம் கிடைக்காது, வருடத்துக்கு வருடம் நலிந்துகொண்டே வரும்.

இரண்டாவது அல்லது மூன்றாவது வருடம், இலை காய்ந்த பிறகு, பக்கவாட்டில் மண் கிளறும் தோட்ட முள்கரண்டி போட்டு நெம்பி எடுங்கள். இழுத்தால் ஒடியும். அதற்கு மேல் அதே மண்ணில் விட்டால் வேர் அழுகத் தொடங்கும். வருடக்கணக்கில் முதிர்ந்த வேர் வேண்டுமென்று வளர்க்கும் கொரிய விவசாயிகள் சில வருடத்துக்கு ஒருமுறை புது நிலத்துக்கு மாற்றி நடுவது அதனால்தான்.

தோலைச் சீவி, நீளவாக்கில் கிழித்து, கல்லுப்பு போட்டுப் பிசைந்து அலசி, தண்ணீரை மாற்றி மாற்றி ஒரு மணி நேரமாவது ஊறவைத்து, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து வதக்குங்கள். கசப்புக்குக் காரணம் வேரில் உள்ள சப்போனின் என்ற வேதிப்பொருள். கசப்பு நீக்காமல் நிறையச் சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டும். கொரியாவிலும் சீனாவிலும் இருமல், சளிக்கு இதைப் பயன்படுத்துவது நெடுநாள் வழக்கம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சர்க்கரை முதல் புற்றுநோய் வரை தீரும் என்று செய்தி பரப்புகிறவர்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

ஒரு எச்சரிக்கை. இலையில்லாத காலத்தில், நீங்களே நட்டு அடையாளம் வைத்த வேரைத் தவிர எதையும் தோண்டிச் சமைக்காதீர்கள். கொரியாவிலேயே அமெரிக்க ஃபைட்டோலாக்கா என்ற நச்சுச் செடியின் வேரைத் தொராஜி என்று நினைத்துச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

நீங்கள் தோண்டிய செடியைக் குப்பையில் போட வேண்டாம். கொண்டைப் பகுதி (வேரும் தண்டும் சேரும் இடம்) ஒரு அங்குலம் மண்ணுக்குள் இருக்கும்படி திரும்ப நடுங்கள், பூவுக்கு ஆகும். வேர் வேண்டுமானால் பக்கத்திலேயே தனிப் பாத்தி போட்டு விதையுங்கள்.