அம்மன் கோயில் மைக் செட்டும் டெசிபல் கணக்கும்

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடி மாதம் மூன்று நாள் திருவிழா. கூழ் ஊற்றுவது, கும்பம், கடைசி நாள் பாட்டுக் கச்சேரி எல்லாம் உண்டு. போன வருடம் குழாய் ஸ்பீக்கர் கட்டியதில் புகாராகி, விழா பாதியிலேயே ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வருடம் அனுமதிக்குப் போனால் "எத்தனை பாக்ஸ், எத்தனை வாட், டெசிபல் தாண்டாது என்று எழுதிக் கொடு" என்கிறார்கள். குழுவில் பாதிப் பேர், "சாமி காரியத்துல கவர்மென்ட்டுக்கு என்ன வேலை? மீட்டர் வெச்சு பக்திய அளக்க முடியுமா?" என்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது? செட்டை எப்படி அமைப்பது?
— விழாக் குழுச் செயலாளர் ஒருவர்

பதில்: பக்தியை அளக்க முடியாதுதான். மீட்டர் அளப்பது தெரு முனையில் காற்று எவ்வளவு அதிருகிறது என்பதை மட்டும். உங்கள் குழுவில் எழுந்த இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்திருக்கிறது. போனதும் வடசென்னையிலிருந்துதான்.

மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகரில் ஒரு பெந்தகோஸ்தே சபை. ஸ்பீக்கர், டிரம்ஸ், கிதாரோடு ஆராதனை நடத்துகிறார்கள் என்று பக்கத்துக் குடியிருப்பு நலச் சங்கம் வழக்குப் போட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போய் அளந்தது. சத்தத்துக்குச் சபை மட்டும் காரணமல்ல, நெடுஞ்சாலை வண்டிகளுக்கும் பங்கு உண்டு என்று அளவீடு காட்டியது. அதனால் உயர் நீதிமன்றம் வண்டிச் சத்தத்தையும் குறைக்கச் சொன்னது, சபையின் ஸ்பீக்கரையும் இறக்கி வைக்கச் சொன்னது. சபை மேல்முறையீடு செய்தது. 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்றோ, ஒலிபெருக்கி வைத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்றோ எந்த மதமும் சொல்லவில்லை என்பது தீர்ப்பின் சாரம். பெயர்ப் பலகையில் சபை என்று இருந்தாலும் கோயில், மசூதி என்று இருந்தாலும் தீர்ப்பு ஒன்றுதான்.

அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு வழிபாட்டு உரிமையைத் தரும்போதே, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்று சொல்லித்தான் தருகிறது. காவல் நிலையம் நுழைவது இந்த வழியாக. ஆகவே குழுவினரிடம் இப்படிப் பிரித்துச் சொல்லுங்கள்: அம்மனுக்கு என்றைக்குக் காப்புக் கட்டுவது, எந்தப் பாட்டுப் போடுவது, கும்பத்தை எப்படிப் படைப்பது எல்லாம் பூசாரியும் தெருவும் முடிவு செய்வது. ஒலி விதியைக் காட்டி "இந்தச் சாமிப் பாட்டு வேண்டாம்" என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. எந்தச் சாமிப் பாட்டு என்று அந்த விதி பார்ப்பதில்லை, பார்ப்பது எண்ணையும் நேரத்தையும்தான். அதே மாதிரி, எண்ணைப் பற்றிப் பேசும்போது "எங்க ஐதீகம்" என்று நாமும் எழுந்து நிற்க முடியாது. கூழும் வேப்பிலையும் பம்பையும் ஐதீகம். குழாய் ஸ்பீக்கர் வாடகைச் சாமான்.

இனி அந்த எண்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் மேற்சொன்ன அளவைவிடப் 10 டெசிபல் வரை கூடலாம், அல்லது 75 வரை. இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. ஆகக் குடியிருப்புத் தெருவுக்கு 65. தண்டையார்பேட்டை மாதிரி வீடும் பட்டறையும் கலந்த இடத்தில் "எங்களுடையது வணிகப் பகுதி" என்று வாதாடிப் பார்க்கலாம், ஆனால் 65-ஐ வைத்தே செட்டை அமைப்பதுதான் புத்திசாலித்தனம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட 100 மீட்டருக்குள் ஸ்பீக்கரே கூடாது. உங்கள் பக்கம் தொற்றுநோய் மருத்துவமனையும், ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் இருப்பதால் பந்தல் போடும் இடத்தை முதலில் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

போன வருடம் ஏன் புகாரானது என்பதை டெசிபல் கணக்கே சொல்லிவிடும். ஒரு குழாய் ஸ்பீக்கர் 1 வாட் மின்சாரத்துக்கு 1 மீட்டர் தூரத்தில் சுமார் 108 டெசிபல் தரும். 30 வாட் கொடுத்தால் 123. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 64 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 87 கேட்கும். அது 65-க்கு இறங்க முக்கால் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். வீடுகள் குறுக்கே நிற்பதால் நிஜத்தில் அவ்வளவு தூரம் போகாது, ஆனால் இரண்டு பக்கமும் சுவர் நெருங்கிய சந்தில் ஒலி சுவரில் மோதி மோதி ஓடும், குறைய வேண்டிய அளவு குறையாது. போதாததற்கு, குழாய் ஸ்பீக்கர் ஓங்கி அடிக்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில்தான் நம் காது மிகக் கூர்மை. அதற்கு முன்னால் நின்று பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். 100 டெசிபலை 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது தொழிலிடப் பாதுகாப்புக் கணக்கு. அங்கே 120-க்கும் மேல்.

தெருவின் இரண்டு முனையிலும் ஒன்றுக்கொன்று எதிராகக் குழாய் கட்டுவது இன்னொரு கெட்ட பழக்கம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். 100 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் சொல் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதமாக வந்து, பக்கத்து ஸ்பீக்கரின் அடுத்த சொல் மேல் விழும். பாட்டு வரி குழம்பும். "சரியா கேக்கல" என்று யாராவது சொல்வார்கள், ஆபரேட்டர் இன்னும் கொஞ்சம் ஏற்றுவார், குழப்பமும் சேர்ந்து ஏறும்.

செய்ய வேண்டியது தலைகீழ்: ஸ்பீக்கரைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, சத்தத்தை இறக்குவது. சின்ன பாக்ஸ் நான்கு எடுங்கள். பந்தல் கால்களில் 5 அல்லது 6 மீட்டருக்கு ஒன்றாக, இரண்டரை மீட்டர் உயரத்தில், முகம் கீழ்நோக்கிக் கூட்டத்தைப் பார்க்கும்படி சாய்த்துக் கட்டுங்கள். எல்லா பாக்ஸும் கோயிலைப் பின்னால் விட்டு ஒரே திசையில் பார்க்கட்டும். பாக்ஸிலிருந்து 3 மீட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு 70 டெசிபல் கிடைத்தால் போதும், பாட்டும் தெளிவாக இருக்கும், பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் முடியும். அதே பாக்ஸின் ஒலி 24 மீட்டர் தள்ளி 52 ஆகிவிடும். நான்கு பாக்ஸும் சுவர் எதிரொலியும் சேர்ந்து சில டெசிபல் கூடினாலும் 65-க்குள் நிற்கும். இதற்கு ஒரு பாக்ஸுக்கு ஆகும் மின்சாரம் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 500 வாட், 1,000 வாட் என்று வாடகைக்காரர் ஏற்றிவிடப் பார்ப்பார், சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லுங்கள். பந்தலை ஒட்டிய நாலைந்து வீட்டு வாசலில் மட்டும் எண் சற்றுக் கூடத்தான் செய்யும். அந்த வீடுகளின் ஜன்னலைப் பார்த்து எந்த பாக்ஸும் திரும்பியிருக்கக் கூடாது.

பேஸ் என்கிற தாழ்ந்த அதிர்வொலி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் மீட்டரை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். விதியில் சொல்லும் டெசிபல், காதின் கூர்மைக்கு ஏற்பத் திருத்திய அளவு. 63 ஹெர்ட்ஸ் பேஸை அது 26 டெசிபல் குறைத்தே எண்ணும். பெரிய பேஸ் பெட்டி வைத்தால் மீட்டர் 64 காட்டிக்கொண்டிருக்கும், எதிர்வீட்டு பீரோக் கண்ணாடி கிடுகிடுக்கும். சட்டப்படி தப்பித்துவிட்டோம் என்று அந்த வீட்டுக் கிழவியிடம் சொல்லிப் பாருங்கள்! பேஸ் பெட்டியே வேண்டாம். மிக்சரில் பேஸைக் குறைக்கும் 'லோ கட்' பொத்தான் இருந்தால் அமுக்கிவிடுங்கள்.

அளப்பது எப்படி? செல்போன் செயலி ஏற்ற இறக்கம் பார்க்க உதவும், சண்டைக்கு உதவாது. போன் மைக் பேச்சுக்காகச் செய்தது, பல டெசிபல் தவறாகக் காட்டும். ஒலி மீட்டர் ஒன்றை வாடகைக்கோ கடனாகவோ வாங்குங்கள். 'ஏ' அளவிலும் (மேலே சொன்ன, காதுக்கு ஏற்பத் திருத்திய அளவு) எண் மெதுவாக மாறும் 'ஸ்லோ'விலும் வைத்து, மைக்கில் பஞ்சுத் தொப்பி மாட்டி, சுவரிலிருந்து தள்ளி நின்று, 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில் பிடிக்க வேண்டும். முதலில் செட்டை அணைத்துவிட்டு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு போட்டுவிட்டு அளந்து பாருங்கள்.  அணைத்தபோது 62, போட்டபோது 65 என்றால் செட்டின் சொந்தப் பங்கு 62 மட்டுமே, ஏனென்றால் சமமான இரண்டு ஒலி சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி போகும் தெரு முனையில் இந்த முதல் அளவீடு கையில் இல்லாவிட்டால், லாரிச் சத்தமும் அம்மன் கணக்கில் ஏறும். மாலையில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும்போது மேற்குப் பக்க வீடுகளுக்கு ஒலி கூடுதலாகப் போகும் என்பதால் அங்கேயும் ஒரு முறை அளந்து பாருங்கள். எல்லாம் சரியான பிறகு, ஆம்ப்ளிஃபையரின் வால்யூம் குமிழ் நிற்கும் இடத்தில் சிவப்பு டேப் ஒட்டி, அதைத் தாண்டத் திருப்ப முடியாதபடி ஒரு சின்ன மரத்துண்டை ஒட்டிவிடுங்கள். பழைய முறை, ஆனால் பாட்டுக்காரர் "கொஞ்சம் ஏத்துங்கண்ணே" என்று கை காட்டும்போது ஆபரேட்டருக்கு இதைவிட நல்ல சாக்குக் கிடையாது.

நேரத்தில்தான் பெரும்பாலான விழாக்கள் மாட்டுகின்றன. இரவு 10 மணிக்கு மேல் திறந்த இடத்தில் ஒலிபெருக்கி மட்டுமல்ல, இசைக்கருவியும் கூடாது. பம்பையும் உடுக்கையும் இதில் அடங்கும். கும்பம் படைப்பதை இரவு 8 மணிக்குத் தொடங்கினால் 10-க்குள் முடித்துவிடலாம். பம்பைக்கு மைக் வைக்கவே வேண்டாம், அது தன் சத்தத்திலேயே தெரு முழுக்கக் கேட்கும். "வருஷத்துல 15 நாள் 12 மணி வரைக்கும் உண்டு" என்று யாராவது சொல்வார்கள். அப்படி ஒரு விதி உண்மையிலேயே இருக்கிறது, 2005-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றும் சொல்லியிருக்கிறது. ஆனால் எந்த நாட்கள் என்று மாநில அரசு அறிவிக்க வேண்டும். உங்கள் கோயில் தேதிக்கு அது தானாக வராது.

அனுமதிக் கடிதத்தை விழாவுக்குப் பதினைந்து நாள் முன்பே காவல் நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தேதி, தொடங்கும் முடியும் நேரம், பாக்ஸ் எண்ணிக்கை, வாட், ஆபரேட்டர் பெயர், பந்தலின் கை வரைபடம், "கூம்பு வடிவ ஒலிபெருக்கி (குழாய் ஸ்பீக்கர்) பயன்படுத்த மாட்டோம்" என்ற ஒரு வரி இருந்தால் போதும். வாய்மொழியாக "போட்டுக்கோ" என்றால் போடாதீர்கள். விதி எழுத்து அனுமதியைக் கேட்கிறது, சொன்னவர் மாற்றலாகிப் போனால் சொல் நிற்காது. சாலையில் பந்தலுக்கு மாநகராட்சி மண்டல அலுவலகம், தண்டையார்பேட்டைக்கு 4-ஆம் மண்டலம். மின்சாரத்துக்கு மின் வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள், கம்பத்தில் கொக்கி போடாதீர்கள். ஆடியில் மழை வரும், மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கர் கட்டாயம்.

"அவங்க வெக்கிறாங்களே, அவங்களைக் கேளுங்க" என்ற பேச்சைக் கடிதத்தில் எழுத வேண்டாம். வேறு இடத்துச் சத்தம் அளவு தாண்டினால், அதே மீட்டரோடு போய்த் தனியாகப் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் உங்கள் அனுமதிதான் தாமதமாகும். எல்லா இடத்துக்கும் ஒரே எண்ணைப் பிடிப்பது அதிகாரியின் கடமை. அவர் ஓரிடத்தில் மட்டும் மீட்டரை எடுத்தால் கேள்வி கேட்க வேண்டியது அவரைத்தான், பக்கத்துத் தெரு பக்தர்களை அல்ல.

கடைசியாக ஒன்று. பந்தலுக்கு 50 மீட்டருக்குள் கைக்குழந்தை, படுக்கையில் கிடக்கும் நோயாளி, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளுக்கு முந்தைய நாளே போய் நிகழ்ச்சி நேரத்தைச் சொல்லி, ஒரு செல்போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். 100-க்குப் போக வேண்டிய அழைப்பு முதலில் உங்களுக்கு வரும். அந்தப் போன் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சட்டைப் பையில் அதிர்வு மோடில் இருக்கட்டும். கூழ் ஊற்றுகிறவரிடம் கொடுத்தால் மணி அடிப்பதே கேட்காது.