படத்தின் பின்பக்கம் பார்க்கும் பிள்ளை

ஜெர்மனியின் டோர்ட்முண்டிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். மகள் அபிட்டூர், அதாவது பல்கலைக்கழகம் போவதற்கான பள்ளி இறுதித் தேர்வு, முடிக்கப் போகிறாள். கலை வரலாறுதான் வேண்டும் என்கிறாளாம். "டொக்டருக்குப் புள்ளி காணாது, சட்டமாவது படிக்கட்டாம் எண்டு லண்டன் மாமா நிக்கிறார், தம்பி."

பயம் நியாயம்தான் அக்கா என்றேன். ஆறுதல் அவ்வளவுதான். சட்டப் புத்தகத்தோடு வருடக்கணக்கில் உட்காரப் போவது மாமா இல்லையே?

பெரிய கலை வரலாற்றாசிரியரான எர்வின் பனோஃப்ஸ்கியும் முதலில் சட்ட மாணவர்தான். 1892இல் ஹனோவரில் பிறந்தவர். ஃப்ரைபுர்க்கில் படிக்கும்போது நண்பர் ஒருவர் வில்ஹெல்ம் ஃபோகேயின் கலை வரலாற்று வகுப்புக்குக் கூட்டிப்போனார். சட்டம் அதோடு சரி. 1914இல், 22 வயதில், அதே ஃபோகேயிடம் ஜெர்மன் ஓவியர் டியூரரின் கலைக் கோட்பாடு பற்றி முனைவர் பட்டம் வாங்கினார். 1926இல் ஹாம்பர்க்கில் பேராசிரியர்.

உடனே மகளையும் பேராசிரியர் ஆக்கிப் பார்க்காதீர்கள். அவர் தொடங்கியது சம்பளமில்லாத விரிவுரையாளராக. வீட்டில் வசதி இருந்தது. நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல், நியூயார்க்கில் இருந்தபோது, யூதர் என்பதால் வேலை போனதாகத் தந்தி வந்தது. அதை ஒட்டியிருந்த பச்சைத் தாளில் அச்சாகியிருந்தது ஈஸ்டர் வாழ்த்து!

அந்த வருடங்களில் யூத வீடுகளின் சுவரிலிருந்த ஓவியங்களும் பறிபோயின. அவை யாருடையவை என்று தேடுவது இன்று தனித்துறை: புரோவெனியென்ஸ்ஃபோர்ஷுங். ஓவியத்தைத் திருப்பி வைத்து, ஃப்ரேமின் பின்னால் ஒட்டிய சீட்டு, சுங்க முத்திரை, சாக்கட்டியில் கிறுக்கிய எண் எல்லாவற்றையும் பழைய ஏலப் பட்டியல்களோடு ஒப்பிடுவார்கள். நாஜி ஆட்சி நடந்த 1933க்கும் 1945க்கும் நடுவே யாரிடம் இருந்தது என்று தெரியாவிட்டால், அங்கேதான் தோண்டல். பழைய ஜெர்மன் கையெழுத்து வாசிக்கத் தெரிய வேண்டும். பான் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே முதுகலை இருக்கிறது. மாக்டெபுர்க்கில் 2015 முதல் அரசு நிதியில் இயங்கும் மையம் ஒன்று இத்தகைய தேடல்களுக்குப் பணம் தருகிறது.

போனை மகளிடம் கொடுக்கச் சொன்னேன். தாத்தாவின் யாழ்ப்பாணப் படங்களைத் திருப்பி, ஸ்டுடியோ முத்திரையை வைத்து வருடம் குறித்துக்கொண்டிருந்தாளாம். நீங்கள் "வேலையில்லாத வேலை" என்று திட்டியது இதைத்தான் அக்கா.

செலவில் மட்டும் நான் கறார். உங்கள் ஊர் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்குச் சில நூறு யூரோதான். தனியார் கல்லூரிக்குக் கடன் வாங்காதீர்கள். படித்ததும் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், ஒன்று முடிந்தால் அடுத்ததற்கு விண்ணப்பிக்க வேண்டும். இதை மகளிடமும் சொல்லிவிட்டேன். தெரியும் என்றாள்.

மாமாவின் நம்பரை அனுப்புங்கள், நானே பேசுகிறேன்.