பினாங்கு ஜார்ஜ் டவுனில் சுவரோவியங்களைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது?

நீங்கள் கோலாலம்பூரிலிருந்து ஒரே நாள் பயணமாக வருகிறீர்கள் என்றும், யாரோ அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். லெபோ பாசாரை (மலாயில் லெபோ என்றால் தெரு) ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியில் பிறந்து வளர்ந்தவன் என்பதால், கேள்வியில் இருந்த ‘தவிர’ என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஓவியங்களை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். லெபோ ஆர்மேனியனில் உள்ள மிதிவண்டி ஓவியத்துக்காக வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களில் என் மகளும் ஒருத்தி. ஆனால் அவை 2012இல் வரையப்பட்டவை. ஊரோ, 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய நாள்முதல் துறைமுகமாக வாழ்ந்த ஊர்.

ஆகவே காரில் பாலம் ஏறி வராமல், எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் ரயிலைவிட்டு இறங்கிப் படகில் வாருங்கள். சரக்கும் ஆட்களும் கடல்வழியே வந்த ஊரை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அதன் அமைப்பு புரியும். கரையோரம் லெபோ பந்தாயில் வங்கிகளும் பெரிய வணிக நிறுவனங்களும் இருக்கும்; அவற்றுக்குப் பின்னால் நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் லெபோ பாசார்; இன்னும் சற்று உள்ளே போனால் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும், 1801இல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் நடை தூரத்தில் இருக்கின்றன. கடைவீடுகளின் முன்னே கூரையோடு செல்லும் ஐந்தடிப் பாதைகளிலேயே நடந்தால் வெயிலும் அவ்வளவாகத் தெரியாது.

லெபோ சூலியாவும் லெபோ கிங்கும் சந்திக்கும் முனையில் உள்ள நாகூர் தர்காவைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும்போது தினமும் அதைக் கடந்துதான் போனேன். சுவரையொட்டிய சின்னக் கடையில் சொங்கோக் எனும் மலாய்த் தொப்பி தைப்பதை வேடிக்கை பார்த்ததற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. 2014இல், எண்பதைத் தாண்டிய என் பெரியப்பா நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்தபோது, ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று பெருமையாக அழைத்துப் போனேன். அவர் அந்த முனையில் நின்றுவிட்டார். “நாகூர் ஆண்டவர் இங்க எப்படிப்பா வந்தாரு?” என்று கேட்டார். இந்த ஊரிலேயே பிறந்த எனக்குப் பதில் தெரியவில்லை.

உள்ளே இருந்த பெரியவர்தான் விளக்கினார். நாகூர் ஆண்டவர் எனப்படும் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் அடக்கத்தலம் நாகூரில்தான் இருக்கிறது. இங்கிருப்பது, கடற்பயணத்துக்கு அவரையே காவலாக நம்பிய தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அவர் நினைவாக எழுப்பியது. பெரியப்பா தலையாட்டிக் கேட்டுவிட்டு, 1951இல் என் அப்பாவைப் பினாங்குக்கு வரும் ராஜுலா கப்பலில் ஏற்றிவிட்ட அன்று காலையில் வீட்டார் எல்லோரும் நாகூருக்குப் போய்ப் பூவும் சர்க்கரையும் வைத்து வேண்டிக்கொண்டதைச் சொன்னார். நாங்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆனாலும் அப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்தத் தர்கா உண்டியலில் காசு போட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஏனென்று ஒருநாளும் கேட்டதில்லை.

அங்கிருந்து எங்கள் பழைய வீட்டைக் காட்டப் போனது என் தவறுதான். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 2000 தொடக்கத்தில் முடிவுக்கு வந்தபோது, புதிய வாடகையைக் கொடுக்க இயலாமல் காலிசெய்த எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 2008இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனுக்கு உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தபோது நாங்கள் பட்டர்வொர்த்வாசிகளாகிவிட்டிருந்தோம். உரிமையாளருக்கும் அவர் நியாயம் இருக்கும், மறுக்கவில்லை. பராமரிக்கப் பணமின்றி இடிந்துகொண்டிருந்த வீடுகளையும் நான் பார்த்தவன்தான். இப்போது அது விடுதி. மிளகு மூட்டைகளின் கணக்கை அப்பா கரியால் கோடு கோடாகக் குறித்துவைத்த முன் தூணுக்கு வெள்ளையடித்து, அதில் அறைக் கட்டணப் பலகையை மாட்டியிருந்தார்கள். பெரியப்பா அதை ரூபாயில் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, காப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

இதற்கெல்லாம் ஒரு நாள் போதுமா என்று கேட்பீர்கள். காலையிலேயே படகேறினால் நான் சொன்ன அத்தனையையும் பார்த்து, சோற்றில் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டாரும் சாப்பிட்டுவிட்டு, மாலையில் மிதிவண்டி ஓவியத்துக்கும் போகலாம். முன்பெல்லாம் திரும்பும் படகுக்குக் கட்டணம் கிடையாது. தீவுக்கு வரும்போது மட்டும்தான் வாங்கினார்கள்.