உயிரியல் ஆயுதங்களுக்கு ஆய்வாளர்கள் இல்லாதது ஏன்?

கேள்வி: அணு உலைகளையும் ரசாயன ஆலைகளையும் பன்னாட்டு ஆய்வாளர்கள் நேரில் சென்று சோதிக்கிறார்கள். உயிரியல் ஆயுதங்களுக்கு மட்டும் அப்படி ஓர் ஏற்பாடு இல்லையாமே, ஏன்?

பதில்: உண்மைதான். 1975இல் நடைமுறைக்கு வந்த உயிரியல் ஆயுதத் தடை உடன்படிக்கை, பேரழிவு ஆயுதங்களில் ஒரு வகையையே முழுவதுமாகத் தடை செய்த முதல் உடன்படிக்கை. ஆனால், கையெழுத்திட்ட நாடு சொன்னபடி நடக்கிறதா என்று சோதித்துப் பார்க்க அதில் வழி வைக்கப்படவில்லை. ஐயம் எழுந்தால் ஐ.நா. பாதுகாப்பு அவையில் முறையிடலாம். குற்றம் சாட்டப்படும் நாடே அங்கு வீட்டோ அதிகாரத்துடன் அமர்ந்திருந்தால் முறையீடு என்னவாகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

நடந்ததும் ஏறக்குறைய அதுதான். உடன்படிக்கையை முன்னின்று உருவாக்கிய நாடுகளில் ஒன்றும், வீட்டோ அதிகாரம் கொண்டதுமான சோவியத் ஒன்றியமே அதன் பின்னரும் இந்த ஆயுதங்களை ரகசியமாகத் தயாரித்து வந்தது. 1979 ஏப்ரலில் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரின் ராணுவக் கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் கிருமி காற்றில் கசிந்து குறைந்தது 66 பேர் இறந்தபோது, நோயுற்ற கால்நடைகளின் இறைச்சியே காரணம் என்று அரசு சாதித்தது. ராணுவமே காரணம் என்பதை 1992இல்தான் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ஒப்புக்கொண்டார்.

சோதனையிடுவதும் எளிதன்று. சர்வதேச அணுசக்தி முகமை 8 கிலோ புளூட்டோனியத்தை ஓர் அணுகுண்டுக்கான அளவாகக் கொண்டு கணக்குப் பார்க்கிறது. அறிவிக்கப்பட்ட ரசாயன ஆயுதங்கள் 72,000 டன்னுக்கும் மேல். அவை 2023 ஜூலையில் அழித்து முடிக்கப்பட்டதை எண்ணிச் சரிபார்க்க முடிந்தது. நுண்ணுயிரியோ சிறு குப்பியிலிருந்து சில நாட்களில் பெருகிவிடும். தடுப்பூசிக்காக அதை வளர்க்கும் கலனிலேயே ஆயுதத்துக்காகவும் வளர்க்கலாம்.

சோதனை விதிகளை வகுக்க 1995இல் தொடங்கிய பேச்சுவார்த்தை, 2001இல் அமெரிக்கா வரைவை நிராகரித்ததோடு முறிந்தது. ஏமாற்றுபவர்களை அந்த விதிகளால் பிடிக்க முடியாது, மருந்து நிறுவனங்களின் தொழில் ரகசியங்கள் வெளியாகிவிடும் என்பன அதன் வாதங்கள். முதல் வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை. ரசாயன ஆலைகளுக்கும் தொழில் ரகசியங்கள் உண்டு, அவை 1997 முதல் ஆய்வாளர்களை உள்ளே விட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.