பிரேவ் நியூ வேர்ல்ட் போட்டதும் கஜானா காலியாகிறதே!

வணக்கம். சிவிலைசேஷன் 5 கணினி விளையாட்டில் பிரேவ் நியூ வேர்ல்ட் என்ற விரிவாக்கம் போட்டபின் 60-ஆவது சுற்றிலேயே பணம் மைனஸுக்குப் போகிறது, பழைய ஆட்டமே மேல் என்கிறீர்கள். இல்லை, ஆட்டம் நன்றாகவே மேம்பட்டிருக்கிறது. வரவு வரும் வழிதான் மாறிவிட்டது.

முன்பு வரைபடத்தின் ஆற்றங்கரைக் கட்டங்களே தங்கம் தந்தன. 2013-இல் வந்த இந்த விரிவாக்கம் அதை நீக்கி, வணிகப் பாதைகளை வைத்தது. கால்நடை வளர்ப்பு கற்றதும் ஒரு பாதை, கப்பலோட்டக் கற்றதும் இன்னொன்று. இரண்டிலும் உடனே வணிக வண்டியையோ கப்பலையோ அனுப்புங்கள். தரைவழியைவிடக் கடல்வழியில் வரவு அதிகம். வழியில் காட்டுமிராண்டி முகாம் இருந்தால் முதலில் அதை அழியுங்கள். வண்டி பறிபோனால் அதைக் கட்டச் செலவான சுற்றுகளும் போச்சு.

மிஞ்சிய உப்பு, பட்டு போன்றவற்றை மற்ற அரசுகளுக்கு விற்கும்போது, உங்களுடன் நட்பு அறிவிக்காத அரசு பணத்தை ஒரேயடியாகத் தராது. சுற்றுக்கு 7 தங்கம் கேட்டுப் பாருங்கள். சாலைக்குக் கட்டத்துக்கு 1 தங்கம் பராமரிப்பு, சின்ன ஊருக்கு அவசரப்பட்டுப் போடாதீர்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரரான நீங்கள் ஜூலு நாட்டின் தலைவர் ஷாக்காவை எடுத்தது சரியான தேர்வு: ஜூலுவின் கைகலப்புப் படைக்குப் பராமரிப்பு பாதிதான். வில்லாளிகளைக் குறைத்து ஈட்டிக்காரர்களைச் சேருங்கள், பின்னால் ஜூலுவின் தனிப்படையான இம்பிகளாக உயர்த்தலாம்.

மதம், உளவு இரண்டும் இதிலேயே உண்டு. முந்தைய விரிவாக்கமான காட்ஸ் அண்ட் கிங்ஸின் நாடுகள் வேண்டுமென்றால் மட்டும் அதைத் தனியே வாங்குங்கள்.