முன் ஸ்ப்ராக்கெட் ஆடினால் இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னுடைய 150 சிசி பைக் 32,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. செயின் செட் மாற்றுவதற்காக இடப்பக்க மூடியைக் கழற்றியபோது, செயினை இழுக்கும் பற்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டைக் கையால் அசைத்தாலே ஆடுவதைக் கண்டேன். இரண்டு சிறிய போல்ட்டுகள் கொண்ட ஒரு தகடுதான் அதைப் பிடித்திருக்கிறது. ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியாகவும் இருக்கலாம், ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. ஸ்ப்ராக்கெட் ஆடுகிறது என்பதைவிட, அது எதன் மீது ஆடுகிறது, எந்தத் திசையில் ஆடுகிறது என்பதே இங்கு முக்கியம்.

உங்கள் வண்டியில் இருப்பது லாக் பிளேட் அமைப்பு. கியர்பாக்ஸிலிருந்து வெளியே நீளும் ஷாஃப்டின் வரிப்பற்களில் (அதன் மேல் நீளவாக்கில் வெட்டப்பட்ட பற்களில்) ஸ்ப்ராக்கெட்டைச் செருகி, பிறகு தகட்டையும் செருகி, ஷாஃப்டில் வெட்டப்பட்டிருக்கும் காடியில் தகடு வந்ததும் அதைச் சற்றே திருப்பி, இரண்டு போல்ட்டுகளால் ஸ்ப்ராக்கெட்டோடு முடுக்கியிருப்பார்கள். அந்த போல்ட்டுகள் ஷாஃப்டைத் தொடுவதே இல்லை. ஆகவே, இந்த அமைப்பில் ஸ்ப்ராக்கெட் உள்ளும் வெளியுமாகச் சிறிது நகர்வது வடிவமைப்பிலேயே உள்ளது. செயினின் போக்குக்கு ஏற்ப அது தானே இடம் பிடித்துக்கொள்ளும். பெரிய நட் ஒன்றால் இறுக்கப்படும் வண்டிகளில் இதே அசைவைக் கண்டால் அது கோளாறுதான். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கலங்கிப்போகிறவர்கள் பலர்.

அடுத்துச் சுழல் திசையில் உள்ள ஆட்டத்தைப் பாருங்கள். அப்பகுதியில் அப்பியிருக்கும் கிரீஸ் அழுக்கைப் பழைய ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடையுங்கள். இன்ஜினை நிறுத்திய நிலையில் முதல் கியரில் போட்டு, ஷாஃப்டின் முனையிலிருந்து தகடு, ஸ்ப்ராக்கெட் இரண்டின் மீதும் செல்லும்படி வெள்ளைக் கரெக்ஷன் பேனாவால் ஒரே கோடாக இழுத்து, காய்ந்த பிறகு ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னுமாகத் திருகுங்கள். கோடு முறியாமல் முழுவதும் சேர்ந்து நகர்ந்தால், நீங்கள் உணர்வது கியர்களுக்கு இடையே உள்ள இயல்பான இடைவெளி. ஸ்ப்ராக்கெட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஷாஃப்டில் உள்ள கோடு நிற்க, ஸ்ப்ராக்கெட்டில் உள்ள கோடு மட்டும் அதிகமாக விலகினால் வரிப்பற்களில் தேய்மானம் இருக்கிறது. கொஞ்சம் விலகுவது புதிய வண்டியிலும் உண்டு.

மூன்றாவதாக, செயின் இல்லாத நிலையில் ஷாஃப்டையே மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆயில் சீலுக்குள் ஷாஃப்ட் நகர்வது கண்ணுக்குத் தெரிந்து, சீலைச் சுற்றி எண்ணெயும் கசிந்திருந்தால் பேரிங் போயிருக்கிறது என்று பொருள். அப்படியானால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று உங்கள் மெக்கானிக் சொன்னது சரி.

பேரிங் நன்றாக இருந்து, வரிப்பற்களில் மட்டும் ஆட்டம் இருந்தால், தேய்ந்தது ஸ்ப்ராக்கெட்டா ஷாஃப்டா என்பதே மீதமுள்ள கேள்வி. இதற்குப் புதிய ஸ்ப்ராக்கெட்டைச் செருகிப் பார்ப்பதைவிட நம்பகமான சோதனையை நான் அறியேன். பொதுவாக ஸ்ப்ராக்கெட்டின் உட்பற்களே முதலில் தேயும். செயின் செட் எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள், எனவே இந்தச் சோதனைக்குத் தனிச் செலவும் இல்லை. புதியதில் ஆட்டம் பெருமளவு குறைந்துவிட்டால் இன்ஜினைத் தொட வேண்டாம். குறையவில்லையென்றால், ஷாஃப்டின் வரிப்பற்கள் மீது நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். ஸ்ப்ராக்கெட் உட்காரும் இடத்தில் நகம் படி இறங்குவதுபோல் தடுக்கினால் ஷாஃப்டும் தேய்ந்திருக்கிறது. அங்கே துருப்பொடி போன்ற செம்பழுப்புப் படிவு இருந்தால், இரும்பும் இரும்பும் நீண்ட நாள் உரசியிருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி.

இலேசான படி மட்டும் இருந்தால், புதிய ஸ்ப்ராக்கெட், புதிய லாக் பிளேட், புதிய போல்ட்டுகளோடு ஓட்டி, அவ்வப்போது திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வரிப்பற்கள் முனை கூராகி மெலிந்திருந்தால், இன்ஜினைப் பிரித்து ஷாஃப்டை மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் அவை வழுக்கிய கணத்தில் இன்ஜின் உறுமும், வண்டி நகராது. ஸ்ப்ராக்கெட்டை ஷாஃப்டோடு வெல்டிங் வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தச் சூடு ஆயில் சீலையும் பேரிங்கையும் கெடுக்கும். அடுத்த முறை ஸ்ப்ராக்கெட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மாற்றும்போது, செயினைக் கழற்றுவதற்கு முன்பே, பின் பிரேக்கை ஒருவர் மிதித்திருக்க அந்த போல்ட்டுகளைத் தளர்த்திவிடுங்கள். திரும்ப மாட்டும்போது மரையில் ஒரு துளி நடுத்தர வலுவுள்ள த்ரெட் லாக்கர் (போல்ட் தானே தளராமல் பிடிக்கும் பசை) விட்டு, சுமார் 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். நீண்ட ஸ்பேனரில் முழு பலத்தையும் காட்டினால் மரை கழன்றுவிடும். செயினின் தொய்வு இத்தகைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் 20 முதல் 30 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். செயின் விறைப்பாக இருந்தால் அது ஷாஃப்டைப் பின்னோக்கி இழுத்து, நாம் இவ்வளவு நேரம் பேசிய பேரிங்கையே தின்றுவிடும்.

வேலை முடிந்ததும் அதே வெள்ளைக் கோட்டைப் புதிதாகப் போட்டு, 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு மூடியைத் திறந்து, கோட்டையும் இரண்டு போல்ட்டுகளையும் ஒருமுறை பாருங்கள். மூடியின் உட்புறத்தில் புதிய கீறல் தென்பட்டால் தகடு கழன்றுவருகிறது. அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.